கிழிய வேண்டிய தகடு

கிழிவதற்கென்றே ஒரு தகடு உண்டு என்று சொன்னால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் தர நிர்ணய நிலையத்தில் வேலை பார்க்கிறார்கள். மீதிப் பேர் முதலாளிகளாக இருக்கிறார்கள். இந்த இரு சாராருக்கும் நடுவில் ஒரு பாய்லர்காரர் ஒரே நாளில் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். நான் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லாவற்றையும் அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் தகட்டைப் பற்றி. சலவைக்கூடத்து நீராவிப் பாய்லரின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட எவர்சில்வர் தகடு இறுக்கப்பட்டிருக்கும். கனம் அரை மில்லிமீட்டர்கூட இராது. உள்ளே அழுத்தம் எட்டைத் தொட்டால் அது கிழிய வேண்டும். கிழிந்தால் ஆவி குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். கிழியாவிட்டால் பத்துக்கு மேல் எந்த நேரமும் பாய்லரே கிழியும். அழுத்தம் ஏறினால் தானாகத் தீயை அணைக்கும் சுவிட்ச் ஒன்றும் உண்டு, ஆனால் அது மனசு வைத்தால்தான் வேலை செய்யும். அதனால் மிருதுவான தகடாகப் பார்த்துப் போடுவது பாய்லர்காரரின் வழக்கம்.

இரண்டு நாளுக்கு முன் சுவிட்ச் மனசு வைக்கவில்லை. தகடு தன் கடமையைச் செய்து கிழிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முதலாளிக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது.

"கிழிஞ்சுபோற தகட்ட எவன்யா வாங்கினது?" என்று கேட்டார். மறுநாள் பழைய சாமான் கடையிலிருந்து அவரே ஒரு தகட்டைச் சுருட்டி வாங்கிவந்தார். அதில் தரம் எழுதவில்லை, கடினம் எழுதவில்லை. "இது பாரு, கெட்டி. ஜென்மத்துக்கும் கிழியாது."

பாய்லர்காரர் அதை வட்டமாக வெட்ட உட்கார்ந்தபோதே கத்தரி பல்லைக் கடித்தது. மிச்சத்தில் ஒரு துண்டை மடக்கிப் பார்த்தார். மடங்குவதாகப் பாவனை செய்துவிட்டு டிங்கென்று நிமிர்ந்து அவர் கட்டைவிரலைத் தட்டியது. மிருதுவான தகடு மடக்கினால் மடங்கிய இடத்திலேயே கிடக்கும். இருபத்திரண்டு வருடமாகத் தகடு வெட்டுகிறவருக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"சார், இது முழுக் கடினம். எட்டுல கிழியாது. பதினஞ்சுல கிழிஞ்சாலே அதிசயம்."

"யாரு சொன்னா?"

"என் கை சொல்லுது."

"என் கை வேற சொல்லுது. ரெண்டு கைக்கும் சண்டை எதுக்கு? மொதல்ல தகட்ட மாட்டு. மாட்டிட்டு, மிச்சத்த எடுத்துக்கிட்டு நிலையத்துக்குப் போ. கூடாதுன்னு காகிதம் கொடுத்தா கழட்டிடலாம். ஆகும்னு கொடுத்தா நாலு மணிக்கு பாய்லர் பத்தணும். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் ஈரமாக் கெடந்து நாறுது." முதலாளி நியாயமான மனிதர். காகிதத்துக்கு மட்டும் கட்டுப்படுவார்.

பாய்லர் அறைக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்கூடம். பன்னிரண்டு பெண்கள் அங்கே துணி தேய்க்கிறார்கள். சுவரை ஒட்டிய முதல் மேஜை பாய்லர்காரரின் மனைவியுடையது. அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் வாசல்வரை வந்தாள்.

"என்னங்க, எப்படியாவது ஃபெயில்னு வாங்கிட்டு வந்துடுங்க."

ஒரு மனைவி தன் கணவனை ஃபெயிலாகி வரச் சொல்லி அனுப்பியது அந்த ஊரில் அதுவே முதல் தடவை. அவர் தகட்டுச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

நிலையம் நான்கு மாடிக் கட்டடம். வாசலில் பளபளவென்று ஒரு பெயர்ப்பலகை, அதன் கீழே சற்றுத் துரு. வரவேற்பில் இருந்த குமாஸ்தா படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பொருள்?"

"எவர்சில்வர் தகடு."

"துருவேறா எஃகு மென்தகடு," என்று எழுதிக்கொண்டார். "தரம்?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் சார் வந்திருக்கேன்."

"கண்டுபிடிக்கறது எங்க வேலை. சொல்றது உங்க வேலை. நீங்க சொன்னாத்தான நாங்க கண்டுபிடிக்க முடியும்?"

"தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வர்றேன்?"

"தெரியாமக் கண்டுபிடிச்சா அதுக்குப் பேரு ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வேற கட்டடம். இங்க உறுதிப்படுத்துவோம். முந்நூத்தி நாலுன்னு சொல்லுங்க, முந்நூத்தி நாலுன்னு உறுதிப்படுத்தறோம். நானூத்தி முப்பதுன்னு சொல்லுங்க, அதையும் உறுதிப்படுத்தறோம். எங்களுக்குப் பாரபட்சம் கிடையாது."

"எனக்குத் தெரியாது சார்."

குமாஸ்தா சலித்துக்கொள்ளவில்லை. 'தரம்: தெரியாது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். "தெரியாது வகை இப்ப நல்லா ஓடுது. போன மாசம் மட்டும் நாப்பது உறுதிப்படுத்தியிருக்கோம்." பிறகு அடுத்த கட்டத்துக்கு வந்தார். "கடினம். மிருது, கால், அரை, முழு. எது?"

"முழுக் கடினம். சந்தேகமே வேணாம்."

"உபயோகம்?"

"பாய்லர் பாதுகாப்புத் தகடு."

"அதுக்கு மிருதுல்ல வேணும்?"

"அதான் சார். இது ஆகாதுன்னு எழுதி வாங்கத்தான் வந்திருக்கேன்."

குமாஸ்தாவின் பேனா நின்றது. அவர் தலையை உயர்த்திப் பாய்லர்காரரை முதல்முறையாகப் பார்த்தார். "ஆகும்னு வாங்க வர்றவங்க அந்த வரிசை," என்றார் சுற்றுமுற்றும் தேடியபடி. "ஆகாதுன்னு வாங்க வர்றவங்க..." அப்படி ஒரு வரிசை எங்கும் தென்படவில்லை. கடைசியில், உபயோகத்துக்கு எது வேண்டுமோ அதுதான் கடினம் என்று முடிவுகட்டி, 'மிருது' என்ற கட்டத்தில் தானே ஒரு டிக் போட்டு அவரை அந்த ஒரே வரிசையில் நிறுத்தினார். அப்போது மணி பதினொன்று.

முதல் சோதனை காந்த அறையில். அங்கே பொறுப்பிலிருந்த அம்மையாரை எல்லோரும் காந்த மேடம் என்றார்கள். நிலையத்தின் காந்தம் அரசாங்கச் சொத்து என்பதால் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். வைத்த நாளே அது அலமாரியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு கடைநிலை ஊழியர்கள் காலை உதைத்து இழுத்துப் பார்த்துத் தோற்ற பிறகு விதியை மாற்றினார்கள். அதன்படி, சோதிக்கப்படும் பொருளைத்தான் அலமாரிக்குள் கொண்டுபோக வேண்டும். போன வருடம் ஒருவர் பத்தடிக் குழாய் கொண்டுவந்தாராம். அலமாரியின் முதுகில் இருந்த ஓட்டைக்கு அதுதான் காரணம்.

பாய்லர்காரர் அலமாரிக்குள் தலையை விட்டுத் தகட்டைக் காந்தத்துக்கு அருகில் கொண்டுபோய்க் கையை எடுத்தார். தகடு விழவில்லை. லேசாக ஆடிக்கொண்டு தொங்கியது.

"பாத்தீங்களா மேடம்! லேசா ஒட்டுது. மிருதுவா இருந்தா இந்த வகைத் தகடு ஒட்டவே ஒட்டாது. உருளையில குடுத்து நசுக்கி நசுக்கிக் கடினமாக்கினாத்தான் இப்படி லேசா ஒட்டும். இது ஒண்ணே போதும்."

காந்த மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொங்கும் தகட்டைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். 'ஈர்ப்பு: இல்லை' என்று எழுதினார்.

"மேடம், தொங்குது!"

"நல்லா கவனிங்க. எவர்சில்வர் காந்தத்துல ஒட்டாது. இது விதி. ஒட்டினா அது எவர்சில்வர் இல்ல. எவர்சில்வர் இல்லாத எதையும் இந்த அறைக்குள்ள விடக்கூடாது. உங்கள விட்டிருக்காங்க. அப்ப இது எவர்சில்வர். எவர்சில்வர்னா ஒட்டாது. அதனால ஒட்டல." அவர் குரலில் ஒரு துளிக் கோபமும் இல்லை. "சரி, ஒட்டாத தகட்ட இழுத்து எடுத்துட்டு அடுத்த அறைக்குப் போங்க."

அவர் இழுத்து எடுத்தார். உணவு இடைவேளை என்று கதவை மூடினார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மனைவி போன் செய்தாள். முதலாளி இரண்டு தடவை பாய்லர் அறைக்குள் போய்வந்துவிட்டாராம். பர்னர் பொத்தானைத் துடைத்து வைத்திருக்கிறாராம்.

"நீ அந்த முதல் மேஜையில நிக்காத," என்றார் இவர்.

"நான் நிக்கலேன்னா வேற ஒருத்தி நிப்பா. எல்லாருக்கும் புள்ளகுட்டி இருக்கு. நீங்க சீக்கிரம் ஃபெயிலாகிட்டு வாங்க."

இரண்டு மணிக்குக் கடின அறை திறந்தது. அங்கே இருந்த அலுவலருக்கு நிலையத்தில் ஒரு செல்லப் பெயர் உண்டு, அறுபத்திரண்டு. காரணம் சுவரில் தொங்கியது. பதினோரு வருடத்துச் சோதனை முடிவுகளைப் புள்ளியிட்டு வரைந்த வரைபடம். அதன் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நேர்கோடு.

"பதினோரு வருஷம்," என்றார் அவர் கோட்டைத் தடவியபடி. "இருபத்தெட்டாயிரம் மென்தகடு. ஒவ்வொண்ணும் அறுபத்திரண்டு. அறுபத்தொண்ணு கிடையாது, அறுபத்திமூணு கிடையாது. மத்த இடத்துலயெல்லாம் போய்ப் பாருங்க, ஒருநாள் பதினேழு, ஒருநாள் நாப்பதுன்னு கண்டபடி வரும். ஒழுங்கு இல்ல. இங்க எந்தத் தகடா இருந்தாலும் உள்ள வந்துட்டா ஒழுங்குக்கு வந்துடும்."

இயந்திரம் நின்றவாக்கில் இருந்தது. மேலே வைர ஊசி, கீழே ஊசி இறங்கும் இடத்தில் கெட்டி எஃகில் ஒரு சிறிய மேடை. நூற்றைம்பது கிலோ எடை ஊசியை அழுத்தும். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதைவைத்துக் கடினத்தை முள் காட்டும். அலுவலர் தகட்டை மேடையில் வைத்து நெம்புகோலைத் தள்ளினார். முள் சுற்றி வந்து அறுபத்திரண்டில் நின்றது. அவர் கும்பிடாத குறை.

பாய்லர்காரர் தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஊசி இறங்கிய இடத்தில் பின்பக்கம் ஒரு கொப்புளம் புடைத்திருந்தது. குனிந்து மேடையைப் பார்த்தார். அதன் நடுப்பகுதி ஆயிரக்கணக்கான புள்ளிகள் குத்திக் குத்திச் சல்லடையாகக் கிடந்தது.

"சார், ஒண்ணு பாக்கலாமா?" என்று சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து மேடையில் வைத்தார்.

அலுவலருக்கு உற்சாகம். நெம்புகோலைத் தள்ளினார். அறுபத்திரண்டு. "பாத்தீங்களா! காகிதம்கூட இங்க வந்தா எப்படி நடந்துக்குதுன்னு!"

பாய்லர்காரர் டிக்கெட்டை எடுத்துவிட்டார். "இப்ப ஒண்ணுமே வெக்காமப் போடுங்க சார்."

அறுபத்திரண்டு.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "சார், கோவிச்சுக்காதீங்க," என்றார் பாய்லர்காரர் தாழ்ந்த குரலில். "ஊசி தகட்டத் தாண்டிக் கீழ போயிடுது. நீங்க அளக்கறது தகட்ட இல்ல. இந்த மேடைய."

அலுவலர் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அதுவரை இருந்த முகம் வேறு, இப்போது இருந்த முகம் வேறு.

"இத வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இப்பத்தான சார் எனக்கே தெரியும்."

"நீங்க சொல்றது உண்மைன்னு வெச்சுக்குவோம். அப்ப இருபத்தெட்டாயிரம் சான்றிதழும் இந்த மேடைக்குக் குடுத்தது. லிஃப்டு, பம்பு, ஆஸ்பத்திரிக் கருவி, எதுஎதுல எந்தத் தகடு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அத நெனச்சா ராத்திரி தூக்கம் வருமா?" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதனால நான் நெனக்கறதில்ல."

மூலையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இன்னொரு இயந்திரம் நின்றது. மெல்லிய தகட்டுக்கென்றே சின்ன எடை வைத்து, தகட்டுக்குள்ளேயே ஊசி நிற்கும்படி அளக்கிற இயந்திரம். பாய்லர்காரர் அதைச் சுட்டிக்காட்டினார். "அதுல போடலாமே சார். அஞ்சு நிமிஷ வேலை."

"அதுவா? வந்த புதுசுல போட்டுப் பாத்தோம். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு அளவு காட்டுது. நம்பவே முடியாது. மூடி வெச்சுட்டோம்."

"சரி சார், உங்க கணக்குப்படியே வர்றேன். அறுபத்திரண்டுன்னா எவ்வளவு கடினம்! அதையாவது எழுதிக் கொடுங்க. ஆகாதுன்னு ஆயிடுமில்ல?"

"அறுபத்திரண்டுன்னா மிருது," என்றார் அலுவலர். "எல்லாத் தகடும் அறுபத்திரண்டு வந்தா எல்லாத்தையும் கடினம்னு சொல்லிட முடியுமா? குழு கூடித் தீர்மானம் போட்டிருக்கு. நாலாவது வருஷம்."

விஷயம் இயக்குநரிடம் போயிற்று. இயக்குநர் அறை பெரியது. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், பாய்லர்காரர் மடக்கிக் காட்டிய துண்டு நிமிர்ந்து எகிறி மேஜைமேல் விழுந்ததையும் பொறுமையாகப் பார்த்தார்.

"உங்க கைக்குக் கடைசியா எப்ப அளவுத்திருத்தம் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"கைக்கா சார்?"

"பண்ணல இல்லையா? அளவுத்திருத்தம் பண்ணாத கருவி சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "பாருங்க, மக்கள் எங்ககிட்ட தகட்டுக்காக வர்றதில்ல. நிம்மதிக்காக வர்றாங்க. தகடு நல்லா இருந்தா அவங்களுக்கே நிம்மதி இருக்கும், எங்ககிட்ட எதுக்கு வரணும்? சந்தேகமான தகட்டுக்கு நிம்மதி குடுக்கத்தான் அரசாங்கம் இந்தக் கட்டடத்தக் கட்டியிருக்கு. பதினோரு வருஷமா ஒருத்தரையும் நிம்மதி இல்லாம அனுப்பினதில்ல. நீங்க ஒருத்தர் கேக்கறீங்கன்னு அந்தப் பேர நான் கெடுத்துக்கணுமா?"

"சார், சுவத்துக்கு அந்தப் பக்கம் பன்னெண்டு பொம்பளைங்க நிக்கறாங்க. அதுல ஒருத்தி என் பொண்டாட்டி. ஆகாதுன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க, போதும்."

"எழுதலாம். முத்திரை?"

'தேறியது' என்ற முத்திரை மேஜைமேல் தயாராக இருந்தது. 'தேறவில்லை' என்ற முத்திரை எங்கே என்று கேட்டதற்கு இயக்குநர் வருத்தத்துடன் விளக்கினார். அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அதற்கு வந்த ரப்பர் மட்டமானது, மையைப் பிடிக்காது. திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் 'தேறவில்லை' என்று முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அந்த முத்திரையை அந்த ரப்பரில்தான் செய்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் ரப்பரைத் தேறியதாக ஏற்றுக்கொண்டார்கள். அதனால்தான் அது பதிவதில்லை.

பாய்லர்காரருக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இவர்கள் கையால் ஃபெயில் வராது. ஆனால் பாஸும் வராமல் பார்த்துக்கொண்டால்? சோதனை முடியாத தகட்டுக்கு முதலாளி பாய்லரைப் பற்றவைக்க மாட்டார். இந்த மாதிரிக் கட்டடத்தில் ஒரு காகிதத்தை ஆறு மாதம் தூங்கவைக்க முடியாதா என்ன?

"சார், காந்தத்துக்கு அளவுத்திருத்தம் பண்ணியிருக்கா?" என்று ஆரம்பித்தார். "வைர ஊசி அசல்தானான்னு சான்று இருக்கா? கடின அறையில மின்விசிறி ஓடிச்சு, காத்து எடையில சேருமில்ல? குழு கூடாம முடிவெடுக்கலாமா?"

வேறொரு நாளாக இருந்தால் இதில் ஒரு கேள்வியே ஒரு வருடத்துக்குப் போதும். ஆனால் அன்று ஒரு மனிதன் மேடையைக் குனிந்து பார்த்திருந்தான். அவன் கட்டடத்தை விட்டு வெளியே போகும்வரை அவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தேக்கரண்டியைச் சோதிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்ட நிலையம், வரலாற்றில் முதல் தடவையாகச் சுறுசுறுப்பாக இயங்கியது. ஏழு அலுவலர்கள் ஓடிவந்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் சாப்பிட்ட கையோடு வந்து இடது கையால் போட்டார். 'துருவேறா எஃகு மென்தகடு. தரம்: தெரியாது என உறுதிசெய்யப்பட்டது. கடினம்: 62, மிருது. பாய்லர் பாதுகாப்புக்கு உகந்தது. தேறியது.'

பாய்லர்காரர் கையை நீட்டினார். வழியில் அதைக் கிழித்தெறிந்துவிடுவதாக மனசுக்குள் தீர்மானித்திருந்தார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் இயக்குநர். "புது வசதி வந்திருக்கு. படிவத்துல இருந்த நம்பருக்கு, நேரா உங்க முதலாளி போனுக்கே படமாப் போயிடுச்சு."

சொல்லி முடிக்கவில்லை, முதலாளி அழைத்தார். "யோவ், ஏழு கையெழுத்துய்யா! நான் சொன்னேன்ல? நானே பொத்தான அமுக்கிட்டேன். நீ மெதுவா வா."

மணி மூன்றே கால். அவர் படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஆட்டோவில் போகும்போது கணக்குப் போட்டுக்கொண்டே போனார். ஆறைத் தொட அரைமணி நேரம். ஆறில் சுவிட்ச் தீயை அணைத்தால் பிழைத்தோம். அணைக்காவிட்டால் அப்புறம் பத்து நிமிடத்தில் எட்டு. மனைவிக்குப் போன் செய்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இஸ்திரிக்கூடத்தில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த விதியையும் ஒரு நல்ல எண்ணத்தில்தான் யாரோ போட்டிருப்பார்கள்.

அவர் உள்ளே நுழைந்தபோது இஸ்திரிக்கூடத்தில் பன்னிரண்டு பேரும் மேஜைகளில் நின்றார்கள். முதலாளி நடுவில் நின்று போனைப் பார்த்துச் சான்றிதழை வாசித்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஒரு தடவை வெளியே போனார்களாம். அவர்தான் ஏழு கையெழுத்தையும் காட்டி உள்ளே கொண்டுவந்திருந்தார்.

பாய்லர்காரர் ஓடிப்போய் அழுத்தமானியைப் பார்த்தார். ஏழு. சுவிட்ச் மனசு வைக்கவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை.

"சான்றிதழ் இருக்குய்யா," என்றார் முதலாளி.

பாய்லர்காரரின் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், பக்கத்து மேஜைப் பெண்ணின் கையைப் பிடித்தாள், நடந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கடைசியாகப் போனவள் முதலாளியைப் பார்த்து, "நீங்க இருந்து படிச்சுக்கிட்டிருங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாய்லர்காரர் பர்னர் பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். முதலாளி குறுக்கே வந்து நின்றார்.

"எட்டுல கிழியணும்னுதான சொன்ன? கிழியுதா இல்லையான்னு இன்னிக்குப் பாத்துடுவோம். உன் கை ஜெயிக்குதா, அந்த ஏழு கை ஜெயிக்குதா."

"சார், உயிரு சார்!"

"எட்டு வரைக்கும். அவ்வளவுதான்."

முள் எட்டைத் தொட்டது. இருவரும் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. தகடு பளபளவென்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. எட்டரை. பாய்லரின் வயிற்றுக்குள் ஏதோ முனகியது. முதலாளி போனைக் குனிந்து பார்த்தார், சான்றிதழில் இதற்கு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினார் போலும். ஒன்பது. ஒரு மரையாணிப் பக்கத்திலிருந்து ஊசி மாதிரி ஆவி சீறியது.

முதலாளி போனைப் பாய்லர்காரர் கையில் திணித்தார். "நீ இத வெச்சுக்க," என்றார். அப்புறம் அவரைக் காணோம். கனத்த உடம்புக்காரர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

பாய்லர்காரர் பொத்தானை அமுக்கித் தீயை அணைத்தார். ஆவியைக் கூரைக்கு மேலே திறந்துவிடும் சக்கரம் இறுகிக் கிடந்தது. போனைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். முள் ஒன்பதரைக்கு வந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார், நினைத்தார் என்பதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. கூரைக்கு மேலே ஆவி ஊளையிட்டுக்கொண்டு கிளம்பியது. முள் நின்றது, நடுங்கியது, இறங்க ஆரம்பித்தது. ஐந்துக்கு வரும்வரை அவர் சக்கரத்தை விடவில்லை.

வெளியே வந்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் வெந்திருந்தன. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். "ஒரு ஃபெயில் வாங்கிட்டு வரத் துப்பில்ல உங்களுக்கு," என்றாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தத் தகட்டைக் கழற்றியாயிற்று. சுவிட்சும் மாற்றியாயிற்று. மிருதுவான தகடு ஒன்றை அவரே தேடிப் பிடித்து, மடக்கிப் பார்த்து, மடங்கிய இடத்திலேயே கிடந்ததைப் பார்த்த பிறகு மாட்டினார். முதலாளி காகிதம் கேட்கவில்லை. ஆனால் ரோஷம் வந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் மிருது என்று தேற்றிய தகடு எட்டில் கிழியவில்லை, ஒன்பதரையிலும் கிழியவில்லை என்று சிவப்பு மையில் எழுதி, கழற்றிய தகட்டையும் கூடவே அனுப்பினார்.

நான்காம் நாள் பதில் வந்தது. 'தங்கள் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. நிலையம் தேர்ச்சியளித்த தகடு, எதிர்பார்த்த அழுத்தத்தையும் மீறிக் கிழியாமல் நின்ற செய்தி எங்கள் அனைவருக்கும் பெருமை அளிக்கிறது. அத்தகடு இயக்குநர் அறையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளது.'

பாய்லர்காரரின் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனா கேட்டாள். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு அழைப்பை அவளே எழுதினாள். 'ஐயா, உங்கள் ஏழு பேரையும் எங்கள் கூடத்துக்கு அழைக்கிறோம். அந்தத் தகட்டையும் எடுத்து வாருங்கள். அதை மறுபடி மாட்டி பாய்லரைப் பற்றவைப்போம். முதல் மேஜையை உங்களுக்கு விட்டுத் தருகிறோம். அரைமணி நேரம் நின்றால் போதும்.'

இதற்கும் நிலையம் தாமதிக்காமல் பதில் போட்டது. 'அழைப்புக்கு நன்றி. எனினும், எங்களால் தேர்ச்சியளிக்கப்பட்ட பொருட்கள் பயன்பாட்டில் உள்ள இடங்களுக்கு எங்கள் அலுவலர்கள் செல்வது, பாதுகாப்புக் காரணங்களுக்காக, நிலையம் தொடங்கிய நாளிலிருந்தே தடைசெய்யப்பட்டுள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'